விறகுக் காடு அரணான கதை

பேராக் மாநிலத்தில் தைப்பிங் நகரிலிருந்து மேற்கே கடலை நோக்கிச் சென்றால் கோலா செப்பாத்தாங் என்னும் மீனவர் ஊர் வருகிறது. இறால் மீ சாப்பிடவும், இரவில் படகேறி மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கவும் வார இறுதியில் அங்கே கூட்டம் கூடும். கடைத்தெருவில் பழைய இரயில் நிலையம் ஒன்றின் பெயர்ப் பலகை நிற்பதை அவர்களில் சிலராவது கவனித்திருப்பார்கள். 'போர்ட் வெல்ட்' என்ற பெயர் நான்கு மொழி எழுத்துகளில் அதில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. தண்டவாளமும் இல்லை, வண்டியும் இல்லை. பலகை மட்டும் இருக்கிறது.

1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தைப்பிங்குக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் இடையே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரத்துக்கு ஓடியதுதான் மலாயாவின் முதல் இரயில். லாருட் வட்டாரத்து ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டு சேர்க்க அது போடப்பட்டது. அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படைப் பிரிவுகள் தருவிக்கப்பட்டன. பலகையில் தமிழ் ஏன் இடம்பெற்றது என்று யாரும் வியக்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கே சொல்ல வந்தது இரயிலின் கதை அன்று. இரயிலுக்குத் தீனி போட்ட காட்டின் கதை. நிலக்கரி கைக்கு எட்டாத அந்தக் காலத்தில் மலாயாவின் எஞ்சின்கள் விறகை எரித்தே ஓடின. ஊர் மக்களின் அடுப்பும் விறகில்தான் எரிந்தது. அந்த விறகுக்கு ஏற்ற மரம் கடலோரச் சேற்றில் காடாய் நின்றது. மலாய்க்காரர்கள் அதை பாக்காவ் என்றார்கள். நம்மவர்களும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். தமிழகத்துக் கடலோரத்தில் இந்தக் காட்டுக்கு அலையாத்திக் காடு என்று பெயர். அலையை ஆற்றுகிற, அதாவது தணிக்கிற காடு. பெயர் வைத்தவன் விஞ்ஞானி அல்லன், கரையில் குடியிருந்தவன்.

கணக்குப் பார்த்து வெட்டிய காடு

எஞ்சினும் அடுப்பும் இந்த வேகத்தில் தின்றால் காடு எத்தனை நாளைக்குத் தாங்கும்? இந்தக் கேள்வி ஆங்கில ஆட்சியின் வன அதிகாரிகளுக்கு வந்தது. இயற்கை மீது கொண்ட பாசத்தால் வந்ததல்ல. விறகு தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையால் வந்தது. கோலா குலாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் மாத்தாங் கடலோரக் காடு, சுமார் 40,000 ஹெக்டர், 1902 முதல் வன இலாகாவின் முறையான நிர்வாகத்துக்குள் வந்தது. கடலோரச் சதுப்புக் காடு ஒன்று இத்தனை நீண்ட காலம் ஒரே ஒழுங்கில் பராமரிக்கப்படுவது உலகில் அரிது. அதனால்தான் இன்றும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் மாத்தாங்கைத் தேடி வருகிறார்கள்.

ஒழுங்கு மிக எளிமையானது. காடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதி வெட்டப்பட்டால் அடுத்த வெட்டு 30 ஆண்டுகள் கழித்துத்தான். இடையில் இரண்டு முறை மரங்கள் களையப்படும். 15 முதல் 19 வயதுக்குள் முதல் களைப்பு. தொழிலாளி 1.2 மீட்டர் நீளமுள்ள கோல் ஒன்றைக் கையில் பிடித்து, நல்ல மரம் ஒன்றைத் தேர்ந்து, அதைச் சுற்றி அந்தக் கோல் எட்டும் தூரத்தில் நிற்கும் மற்ற மரங்களை வெட்டுவார். 20 முதல் 24 வயதுக்குள் இரண்டாவது களைப்பு. கோலின் நீளம் 1.8 மீட்டர். வெட்டிய கழிகள் வீடு கட்டுவோருக்கு அடித்தளக் கழிகளாகப் போகும். 30 வயதில் எஞ்சிய மரங்கள் கரிச்சூளைக்குப் போகும். பெரிய கணக்கு, சின்னக் கோல்.

சூளைகள் 1930ஆம் ஆண்டையொட்டிப் பெருகின. கவிழ்த்த பானை போன்ற செங்கல் கட்டடங்கள் அவை. பட்டை உரித்த பச்சை மரம் ஏறத்தாழ 40 டன் உள்ளே நிறுத்தி வைக்கப்படும். வாசலில் தீ மூட்டி, புகையின் நிறத்தையும் வாசனையையும் பார்த்தே உள்ளே நடப்பதை அறிந்து, வாசலை அடைத்து, ஆறவிட்டு எடுக்க ஒரு மாதம் ஆகும். 40 டன் மரத்திலிருந்து கிடைப்பது சுமார் 10 டன் கரி. இன்றும் கோலா செப்பாத்தாங்கில் இந்தச் சூளைகளைப் பார்க்கலாம்.

வாட்சனின் ஐந்து வகுப்புகள்

இப்படிக் கரிக்கும் கழிக்கும் காட்டை அளந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர்தான் ஜே.ஜி. வாட்சன் என்ற வன அதிகாரி. 1928இல் அவர் மலாய் தீபகற்பத்தின் அலையாத்திக் காடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்த மரத்தை எப்போது வெட்டலாம், எது நல்ல விறகு, எது உதவாது என்பதற்காக எழுதப்பட்ட இலாகா நூல் அது. அதற்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல்தான் இந்தக் கட்டுரையின் உயிர்.

நம் மேற்குக் கரையில் நாளொன்றுக்கு இரண்டு முறை கடல் ஏறி வற்றுகிறது. மாதத்துக்குக் கிட்டத்தட்ட 60 பெருக்குகள். ஆனால் எல்லாப் பெருக்கும் ஒரே உயரத்துக்கு வருவதில்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி உயரமாக வரும். மற்ற நாள்களில் தாழ்வாக வரும். ஆகவே சேற்றில் நிற்கும் ஒரு மரம் மாதத்தில் எத்தனை முறை நனைகிறது என்பது அது நிற்கும் இடத்தின் உயரத்தைப் பொறுத்தது. வாட்சன் இதை எண்ணினார். எல்லாப் பெருக்கிலும், அதாவது மாதத்துக்கு 56 முதல் 62 முறை மூழ்கும் இடம் முதல் வகுப்பு. 45 முதல் 59 முறை மூழ்குவது இரண்டாம் வகுப்பு. 20 முதல் 45 முறை மூன்றாம் வகுப்பு. பெரிய பெருக்கில் மட்டும் 2 முதல் 20 முறை நனைவது நான்காம் வகுப்பு. மாதத்துக்கு இரண்டு முறைகூட நனையாத மேட்டுப் பகுதி ஐந்தாம் வகுப்பு.

முதல் வகுப்பில் ஏறக்குறைய எந்த மரமும் நிலைப்பதில்லை. இரண்டாம் வகுப்பில், கடலின் முகத்துக்கு நேரே, மலாய்க்காரர்கள் அபி-அபி என்றும் பெரெபாட் என்றும் சொல்லும் மரங்கள் நிற்கும். மூன்றாம் வகுப்புதான் கரிச்சூளைக்காரர் விரும்பும் பாக்காவுக்கு உரிய இடம். அதற்கு மேலே வேறு சில. நிலத்தை ஒட்டிய ஓரத்தில் நீப்பாவும் பெரிய பன்னமும். எத்தனை முறை நனைகிறது என்று தெரிந்தால் அங்கே என்ன வளரும் என்று சொல்லிவிடலாம். சேற்றின் உயரம் ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் ஓரத்தில் நிற்கும் மரத்துக்கு அது வேறு உலகம்.

இந்தப் பட்டியலுக்குக் குறைகள் உண்டு. எத்தனை முறை மூழ்குகிறது என்பதோடு எவ்வளவு நேரம் மூழ்கிக் கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று பிற்காலத்தில் வியட்நாமில் ஆராய்ந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். ஆனாலும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகியும் கடலோர ஆய்வாளர்கள் 'வாட்சன் வகுப்பு' என்ற பெயரை விடவில்லை.

ஒரே கோடரி, இரண்டு கரைகள்

வங்கக் கடலின் மறுகரையில் இதே காலத்தில் நடந்ததை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கிறது பிச்சாவரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் இந்தச் சதுப்பு நிலத்தது. அங்கேயும் ஆங்கில ஆட்சியின் வன இலாகா காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் மொட்டையாக வெட்டியது. மீண்டும் முளைக்கும் என்று காத்திருந்தது. மாத்தாங்கில் முளைத்தது. பிச்சாவரத்தில் முளைக்கவில்லை.

நெடுங்காலம் இதற்குச் சுற்றுவட்டார மக்கள்மேல் பழி போடப்பட்டது. விறகு பொறுக்குகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால் காடு அழிகிறது என்றார்கள். சென்னையில் இயங்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் சேற்றுத் தரையின் உயரத்தை அளந்து பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது. மரம் போனதும் சேறு வெயிலுக்கு வெளிப்பட்டது. நீர் ஆவியானது. சேறு அமிழ்ந்து, தரை தொட்டி போலக் குழிந்தது. பெருக்கின்போது உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்புச் செறிவு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் எந்த விதையும் பிழைக்கவில்லை. மாத்தாங்கில் ஆண்டு முழுதும் மழை உண்டு. பெரிய பெருக்குகளில் கடல் இரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கிச் சேற்றைக் கழுவிவிடும். பிச்சாவரத்தில் மழை சில மாதங்களோடு சரி. கடலின் ஏற்றவற்றமும் ஒரு மீட்டருக்குக் குறைவு. கோடரி ஒன்றுதான், கரை வேறு.

காரணம் தெரிந்த பிறகு மருந்தும் எளிதாயிற்று. மீன் முள்ளைப் போல, நடுவே ஒரு வாய்க்காலும் இரு பக்கமும் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். 1996 முதல் வன இலாகாவும் கிராம மக்களும் சேர்ந்து செய்த வேலை இது. கடல்நீர் வந்து போக ஆரம்பித்தது, உப்பு கரைந்தது. வெண்கண்டல் கன்றுகள் பிழைத்தன. பழி சுமந்த அதே மக்கள்தான் வாய்க்கால்களைத் தூர் வாரினார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டதாக எந்த இலாகாக் குறிப்பிலும் இருக்காது.

இறால் பண்ணைக் காலம்

இரயில் நிலக்கரிக்கும் பின்னர் டீசலுக்கும் மாறியது. வீட்டு அடுப்பு மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறியது. மாத்தாங்குக்கு வெளியே இருந்த சேற்றுக் காடுகளுக்கு விலை இல்லாமல் போயிற்று. துறைமுகம், தொழிற்பேட்டை, வீடமைப்புத் திட்டம், இறால் பண்ணை என்று ஒவ்வொன்றாக வந்து அவற்றை எடுத்துக்கொண்டன. கொசு உற்பத்தியாகும் சகதி என்பதே பொதுவான எண்ணம்.

அந்தக் காலத்தில் உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஏ. சசேகுமார் 1970களிலேயே சேற்றுக்குள் வாழும் நண்டு, நத்தைகளைக் கணக்கெடுத்தார். 1992இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, சிலாங்கூர் அலையாத்திக் கழிகளில் 119 வகை மீன்களும் 9 வகை இறால்களும் இருப்பதைக் காட்டியது. சந்தையில் வாங்கும் இறால் தன் குஞ்சுப் பருவத்தைக் கழித்த இடம் எது என்பது அப்போதுதான் எண்ணிக்கையோடு வெளிவந்தது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஓங் ஜின் இயோங், கோங் வூய் கூன் இருவரும் மாத்தாங்கின் மரங்களையும் சேற்றையும் அளந்து, இந்தக் காடு கரியமிலத்தைச் சேற்றுக்குள் புதைத்து வைக்கிறது என்றும், இறால் பண்ணைக்காகத் தோண்டினால் அது வெளியேறிவிடும் என்றும் 1990களின் தொடக்கத்திலேயே எழுதினார்கள். இன்று எல்லாரும் 'நீலக் கரியமிலம்' என்கிறார்கள். 2009க்குப் பின் பரவிய சொல் அது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தோ-பசிபிக் அலையாத்திக் காடுகள் ஹெக்டருக்குச் சராசரியாக 1,023 டன் கரியமிலத்தை வைத்திருப்பதாகவும், அதில் பெரும்பங்கு மண்ணுக்கு அடியில் இருப்பதாகவும் சொன்னபோது உலகம் திரும்பிப் பார்த்தது. உள்ளூரில் முன்பே சொன்னதை வெளியூரில் சொன்னால்தான் காதில் விழும் என்பது பழைய வழக்கம்.

மீனவர்களுக்குப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை. பினாங்குக் கரையோர மீனவர்களின் நலச் சங்கத்தார், பிடிபடும் மீன் குறைந்துபோனதைப் பார்த்து, 1990களின் பிற்பகுதியிலேயே தாங்களாகக் கன்று நட ஆரம்பித்துவிட்டார்கள்.

டிசம்பர் 26

2004 டிசம்பர் 26. சுமத்ராவை ஒட்டிய கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஆழிப்பேரலையைக் கிளப்பியது. சுமத்ரா தீவே பெரிய தடுப்பாக நின்றதால் மலேசியா தப்பியது என்று சொல்வார்கள். அப்படித் தப்பியும் பினாங்கு, கெடா உள்ளிட்ட கரைகளில் மொத்தம் 68 பேர் மாண்டார்கள். கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கப் போன குடும்பங்கள் அவற்றில் உண்டு. பாக்காவ் காடு நின்ற இடங்களில் சேதம் குறைவு என்ற பேச்சு மீனவர் கிராமங்களில் உடனே எழுந்தது.

ஓராண்டுக்குள் விஞ்ஞானமும் பேசியது. 2005இல் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று கடலூர் மாவட்டத்தின் பிச்சாவரம் பகுதியை எடுத்துக்கொண்டு எழுதியது. திறந்த கரையில் இருந்த இரண்டு ஊர்கள் அழிந்தன; அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்களுக்குச் சேதமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மீன் முள் வாய்க்கால் வெட்டியவர்களின் மனநிலையை எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அதே கரையைப் பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கை 2006இல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் கடலிலிருந்து தூரமாகவும் மேடாகவும் இருந்தன; உயிர் காத்தது மேடும் தூரமும்தான், காட்டின் பங்கைப் பிரித்துக் காட்ட முடியாது என்றார்கள். காடு இருக்கிறதே என்று நம்பி எச்சரிக்கைக் கருவியும் வெளியேறும் வழியும் இல்லாமல் மக்களைக் கரையில் குடியமர்த்தினால் அது கொலைக்குச் சமம் என்பது அவர்கள் அச்சம். நியாயமான அச்சம். ஆழிப்பேரலை தலைமுறைக்கு ஒரு முறை வருவது. அன்றாடம் வரும் காற்றலைக்கும் புயலலைக்கும் கணக்கு தெளிவாக இருக்கிறது. 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு, மரத்தின் அடர்த்தியையும் நீரின் ஆழத்தையும் பொறுத்து, அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கிறது. அரண் என்றால் இந்த அளவுக்கு அரண். மந்திரச் சுவர் அன்று.

நட்ட கன்றுகள் எங்கே?

பேரலைக்குப் பின் எல்லா நாடுகளிலும் கன்று நடும் வேகம் பிறந்தது. மலேசியாவிலும் 2005 முதல் அரசாங்கம் கரையோரங்களில் மரம் நடும் திட்டத்தைத் தொடங்கியது. அமைச்சர்கள் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். பள்ளி மாணவர்கள், நிறுவன ஊழியர்கள், எல்லாரும் நட்டார்கள். படங்கள் அழகாக வந்தன. ஆறு மாதம் கழித்து அதே இடத்தைப் படமெடுக்க யாரும் போகவில்லை.

ஏன்? பாக்காவின் விதை நீளமாக, கையில் பிடிக்க வசதியாக, தானே முளைத்த கன்றாக மரத்திலிருந்து விழும். எடுத்துச் சேற்றில் குத்தினால் நட்டாயிற்று. ஆள்கள் இல்லாத, யாருக்கும் சொந்தமில்லாத வெற்றுச் சேறு எங்கே இருக்கும்? கடலின் முகத்தில்தான். அது வாட்சனின் முதல் வகுப்பு, அல்லது இரண்டாம் வகுப்பின் கீழ் ஓரம். மூன்றாம் வகுப்பு மரத்தைக் கொண்டுபோய் அங்கே நட்டால் என்ன ஆகும் என்பதை 1928இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பிலிப்பீன்ஸில் பல பத்தாண்டு மரநடுகையை ஆராய்ந்த இருவர் 2008இல் எழுதியது இதைத்தான். அங்கே நெடுங்காலத்தில் பிழைத்தவை 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே. தவறான இடம், தவறான மரம்.

நம் நாட்டிலும் இதை உணர்ந்து மாற்று வழி தேடியவர்கள் இருக்கிறார்கள். சிலாங்கூரில் சுங்கை பெசார் அருகே சுங்கை ஹாஜி டோரானி என்ற இடத்தில் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே முதலில் கன்றைத் தொடவில்லை. கரையிலிருந்து சற்று விலகி ஓர் அலைத்தடுப்பு கட்டினார்கள். அலை தணிந்த இடத்தில் சேறு படிந்து தரை உயர வேண்டும். அதற்குப் பிறகுதான் மரம். அபி-அபி கன்றுகளை நட்டார்கள். எட்டு மாதத்துக்குப் பின் ஏறத்தாழ 30 விழுக்காடு உயிரோடு இருந்தன. மறைக்காமல் அப்படியே எழுதினார்கள் என்பது பாராட்டத்தக்கது. படத்துக்காக நடுவோர் இந்த எண்ணைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கடலின் முகத்தில் நட்டு வளர்ப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் சுளிக்கமாட்டார்கள்.

சேறும் ஏறுகிறது, கடலும் ஏறுகிறது

இப்போது பருவநிலை மாற்றத்துக்கு வரலாம். உலகக் கடல்மட்டம் 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு 2021இல் மதிப்பிட்டது. வேகம் கூடிக்கொண்டே வருகிறது. அலையாத்திக் காட்டுக்கு இதில் ஒரு தனித் திறமை உண்டு. கான்கிரீட் சுவர் கட்டிய உயரத்திலேயே நிற்கும். காடு தன் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும். ஆறு கொண்டுவரும் வண்டலை வேர்கள் பிடித்து வைக்கின்றன. வேர்களே மண்ணுக்குள் வளர்ந்து மடிந்து தரையை மேலே தள்ளுகின்றன. கடல் ஏறும் வேகத்துக்குச் சேறும் ஏறினால் மரம் தன் வகுப்பிலேயே இருக்கும்.

ஏறுகிறதா? இதை அளக்க ஆய்வாளர்கள் உலோகக் கம்பி ஒன்றைச் சேற்றின் ஊடே அது மேலும் இறங்க மறுக்கும் ஆழம்வரை அடித்து இறக்குகிறார்கள். அதன் உச்சியில் பக்கவாட்டில் ஒரு கை பொருத்தப்படும். அந்தக் கையிலிருந்து மெல்லிய ஊசிகள் சேற்றைத் தொடும்வரை இறக்கப்படும். ஒவ்வோர் ஊசியும் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று மில்லிமீட்டரில் குறித்துக்கொள்வார்கள். சில மாதம் கழித்து மீண்டும் அதே ஊசி, அதே இடம். சேற்றில் கால் பதிந்தால் அளவு கெட்டுவிடும் என்பதால் பலகை போட்டு அதன்மேல் படுத்தபடி அளப்பதும் உண்டு. சிங்கப்பூரின் எஞ்சிய அலையாத்திக் காடுகளிலும் இந்தக் கம்பிகள் நிற்கின்றன. 2015இல் இந்தோ-பசிபிக் நாடுகள் பலவற்றின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆராய்ந்த இடங்களில் 69 விழுக்காட்டில் கடல் ஏறும் வேகத்துக்குச் சேறு ஈடுகொடுக்கவில்லை என்று தெரிந்தது. வண்டல் வரத்துக் குறைந்த இடங்கள்தான் முதலில் தோற்கின்றன. ஆற்றில் அணை கட்டி மணலையும் வண்டலையும் மேலேயே நிறுத்திவிட்டால் கடலோரக் காடு பட்டினி கிடக்கும்.

இன்னொரு சாட்சி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. சிங்கப்பூர் கேலாங் பகுதியில் துளையிட்டு எடுத்த பழைய சேற்றை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்புவரை கடல் எவ்வளவு வேகமாக உயர்ந்து வந்தது என்பதைப் படித்தார்கள். உலகெங்கும் கிடைத்த இத்தகைய பழஞ்சேற்றுச் சான்றுகளைத் திரட்டி, சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளரும் இடம்பெற்ற குழு ஒன்று 2020இல் ஒரு வரம்பைச் சொன்னது. கடல் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்தால், அலையாத்திக் காடுகள் தரையை உயர்த்தி ஈடுகொடுக்க முடியாமல் போவதற்கே வாய்ப்பு மிக அதிகம். முன்பு கடல் அந்த வேகத்தில் ஏறியபோது காடு என்ன செய்தது? உள்நாட்டை நோக்கி நகர்ந்தது. தாய் மரம் மூழ்க, விதை மேட்டுக்கு மிதந்து போய் முளைத்தது.

இன்று அந்த மேட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலப்பரப்பில் 13 விழுக்காடு அளவுக்கு இருந்த சதுப்புக் காடு இன்று ஏறத்தாழ ஒரு விழுக்காடு; அதன் பின்னால் சாலையும் கட்டடமும். 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேருரையில் பிரதமர் லீ சியன் லூங் சொன்னது இந்தக் கரையைக் காக்கத்தான்.

தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் நிலைமை வேறு. பாகான் டத்தோவிலிருந்து சபாக் பெர்ணம், கோலா சிலாங்கூர் வழியாகத் தெற்கே கேரித் தீவு வரை காட்டுக்குப் பின்னால் ஓடுவது மண் அணை. அணைக்கு இந்தப் பக்கம் ஒரு காலத்தில் தென்னந்தோட்டம். இன்று பெரும்பாலும் செம்பனை, சில இடங்களில் நெல். அந்தத் தோட்டங்களில் வடிகால் வெட்டி, தேங்காய் உரித்து, தலைமுறைகளாக வாழ்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். இருபுறமும் வெட்டிய வாய்க்காலில் நீரை வடித்து வடித்துத் தோட்டத்து மண் அமிழ்ந்துவிட்டது. பல இடங்களில் அது பெருக்கின் மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. அணைக்கு அந்தப் பக்கம் காடு. அது பின்வாங்க இடமில்லை. முன்னால் கடல் அரிக்கிறது, பின்னால் அணை நிற்கிறது. காடு மெலிந்து காணாமல் போனால் அலை நேரே மண் அணையில் மோதும். பிறகு கல் கொட்ட வேண்டும். கல் கொட்டிய கரையில் சேறு தங்காது. சில இடங்களில் அணையைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டி, இடையிலுள்ள தாழ்ந்த நிலத்தைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்தால் காடு மீளும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவரிடம் இதைச் சொல்ல யார் போவது? நட்ட ஈடு எவ்வளவு? மரம் நடும் விழாக்களில் இந்தப் பேச்சு எழுவதில்லை.

மாத்தாங்கில் நிர்வாகத் திட்டம் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாக எழுதப்படுகிறது. அங்கே 2025இல் வேர்விட்ட பாக்காவ் கன்றுக்கு 2055இல்தான் வெட்டு. கடல் இதே 3.7 மில்லிமீட்டர் வேகத்தில் போனாலும் அதற்குள் 11 சென்டிமீட்டர் ஏறியிருக்கும். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள சேற்றுத் தரையில், சேறும் கூடவே ஏறாவிட்டால், அது பெருக்கின் கோட்டை 110 மீட்டர் உள்ளே தள்ளும். கன்றை நடும் கூலித்தொழிலாளியின் கையில் இருக்கும் கோல் இன்னமும் 1.2 மீட்டர்தான்.